மாலை கழற்றிய மறுநாள்

(திகனயில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறந்தால் நம்முடைய லயங்களிலும் கடை வீதியிலும் கறுப்பு வேட்டிகள் தென்படத் தொடங்கிவிடும். சம்பள நாளென்றால் தவறணையில் கிடந்தவர், அரிசி வாங்கக் கொடுத்த காசைக் கால் போத்தலாக மாற்றிக்கொண்டு வந்தவர், ஐயப்பனுக்கு மாலை போட்ட அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடுவதில்லை. விடியுமுன் பீலியில் போய்க் குளிக்கிறார். வீட்டில் சத்தமில்லை. பிள்ளைகள் பயமில்லாமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவன். சம்பளம் போட்ட வார இறுதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமையில், எந்தப் பிள்ளை தூங்காமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். விரத காலத்தில் அதே பிள்ளையின் முகம் வேறு.

நாற்பத்தொரு நாள் முடிகிறது. சபரிமலைக்குப் போய் வருகிறார், அல்லது இங்கேயே கோயிலில் மாலையைக் கழற்றுகிறார். சிலர் அன்று இரவே குடிக்கிறார்கள். சிலர் ஒரு வாரம் தாங்குகிறார்கள்.

இதைப் பார்த்து நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "சாமிக்குப் பயந்து இருந்தான், பயம் போனதும் பழையபடி." நான் அப்படி நினைக்கவில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் அவரைத் தாங்கியவை என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். தனக்கு முன்னே பலமுறை மலைக்குப் போய்வந்த ஒரு குருசாமி இருந்தார். சந்தேகம் வந்தால் அவரிடம் கேட்கலாம். தன்னைப் போலவே மாலை போட்ட பத்துப் பேர் இருந்தார்கள். குடிக்கப் போகிற அதே பொழுது சாயும் நேரத்தில் பஜனை இருந்தது. வழியில் கண்டவர்கள் எல்லாரும் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். நேற்றுவரை "வெறிகாரன்" என்று கூப்பிட்ட அதே வாய்கள். மாலையைக் கழற்றிய நாளில் இவையெல்லாம் ஒன்றாகவே இல்லாமற்போய்விடுகின்றன. அடுத்த நாள் மாலை ஆறு மணிக்கு அவர் எங்கே போவார்? அவருக்குப் பழக்கமான இடம் ஒன்றுதான் உண்டு.

முஸ்லிம் சகோதரர்களிடையே மறைவாகக் குடிப்பவர் ரமழான் மாதத்தில் நிறுத்திவிடுகிறார். கத்தோலிக்கர் தவக்காலத்தில் நிறுத்துகிறார். பல சமூகங்களிலும் இப்படி ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்துக்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான் நான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் வாரந்தோறும் கூடி உட்காரும் கூட்டங்கள் உலகத்தில் இருக்கின்றன. அவற்றை எப்படித் தேடுவது, போனால் என்ன நடக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் என்ன செய்வது என்பதுதான் என் பேச்சு.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இதை எல்லாரும் கவனமாகக் கேட்க வேண்டும்.

நாள் தவறாமல் அதிகமாகக் குடித்துவந்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால், அது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், வாந்தி வரும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சி கையில் ஊர்வதாகச் சொல்வார்கள், சுவரில் ஆட்கள் நிற்பதாகச் சொல்வார்கள், வீட்டாரையே அடையாளம் தெரியாது. இதைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கோடாங்கியிடம் கூட்டிப்போகிற வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அது பேயல்ல. அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரி. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க டயசெபாம் போன்ற மருந்தைச் சில நாள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். நீண்ட காலம் சாப்பாட்டைவிடச் சாராயமே அதிகமாக உள்ளே போன உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமற்போனால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். ஆகவே விரதத்துக்காக நிறுத்தினாலும் சரி, சபதத்துக்காக நிறுத்தினாலும் சரி, காலையில் எழுந்ததும் கை நடுக்கம் போகக் குடிக்கிற நிலையில் இருப்பவர் முதலில் டொக்டரைப் பார்க்க வேண்டும். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரி; காசு கேட்க மாட்டார்கள். குருசாமிமார் இங்கே யாராவது இருந்தால் அவர்களிடம் என் வேண்டுகோள்: மாலை போட வருகிறவரிடம் தினசரி எவ்வளவு குடிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆஸ்பத்திரி செய்கிற வேலை பெரிய வேலை. ஆனால் அது ஒரு வாரம், இரண்டு வாரம். பிறகு துண்டைக் கையில் கொடுத்து, கிளினிக் திகதி போட்டு அனுப்புவார்கள். கண்டியிலிருந்து மகியங்கனை வழியில் போகும் பஸ்சில் ஏறி அவர் திகனச் சந்தியில் இறங்குகிறார். சந்தியில் நிற்கிறவர்கள் அதே கூட்டாளிகள். "என்ன மச்சான், ஆள் மெலிஞ்சிட்ட, வா ஒண்ணு போடுவோம்." அவர் என்ன பதில் சொல்வார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதில் சொல்லத் தெரிந்தவர்களோடு அவர் முன்பே பழகியிருக்க வேண்டும்.

இந்தக் கூட்டங்களில் நன்கு அறியப்பட்டது ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அது தொடங்கிய கதையைச் சொல்கிறேன். ஏனென்றால் அது ஒரு மனிதன் கூட்டம் தேடிய கதை. 1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்ற ஊர். நியூயோர்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்துவந்த பில் வில்சன் என்பவர் வியாபார காரியமாக அங்கே வந்திருந்தார். காரியம் தோற்றுப்போயிற்று. குடியை விட்டு ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தில் சிரிப்புச் சத்தம். மறுபக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். அவருக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது: இந்த ஐந்து மாதமும் அவர் மற்றக் குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பேசியதில் அவர்களில் ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் அவர் குடிக்காமல் இருந்திருக்கிறார். உடனே ஒரு போதகருக்கு டெலிபோன் எடுத்து, "பேசுவதற்கு எனக்கு ஒரு குடிகாரர் வேண்டும்" என்ற பொருளில் கேட்டார். ஒருவர் மாறி ஒருவராகப் பேசி, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி, தனக்குத் தெரிந்த ஒரு டொக்டர் இருக்கிறார், குடியால் தொழிலே போகும் நிலை என்றார். அடுத்த நாள், மே 12, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். டொக்டர் பாப் ஸ்மித் வந்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்த அவர், மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, இரவு பதினொன்றைத் தாண்டித்தான் எழுந்தார்.

அந்த ஆறு மணி நேரத்தில் பில் வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. டொக்டருக்குப் புத்தி சொல்ல ஊரே இருந்தது. பில் தன் கதையைச் சொன்னார். தான் மறைத்து வைத்த போத்தல்கள், தான் மீறிய சத்தியங்கள், மனைவியிடம் சொன்ன பொய்கள். எதிரே இருந்தவர் முதன்முறையாகத் தன்னைப் பற்றியே கேட்கிறார். அத்தோடு குடியை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. சில வாரங்களில் மருத்துவர் மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் டொக்டர் பாப் மறுபடியும் குடித்துத் தடுமாறித் திரும்பி வந்தார். அதன்பிறகு ஜூன் 10ஆம் திகதி குடித்ததுதான் அவருடைய கடைசி. அந்தத் திகதியையே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. தொடங்கியவரே ஒருமுறை வழுக்கியிருக்கிறார் என்பதை, வழுக்கிய மகனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிற தாய்மார் நினைவில் கொள்ள வேண்டும். பிறகு இருவருமாக அக்ரன் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலில் கிடந்த ஒரு வழக்கறிஞரிடம் பேசினார்கள். அவர் மூன்றாமவர். இன்றைக்குச் சுமார் 180 நாடுகளில் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

"கதை பேசினால் குடி போய்விடுமா" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் அதை நெடுநாள் கேட்டார்கள். 2006இல் கொக்ரேன் என்ற நிறுவனம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பலன் உண்டென்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அதே நிறுவனம் 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விபரங்களை, மறுபடி அலசியது. ஏ.ஏ. கூட்டங்களோடு சேர்த்துவைக்கும் முறைப்படியான சிகிச்சை பெற்றவர்களில் 42 வீதமானோர் ஓராண்டு கழித்தும் முற்றாகக் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சைகளில் அது 35 வீதம். மாயமந்திரம் இல்லை. நூறு பேரில் ஏழு பேர் அதிகம். ஆனால் அந்த ஏழு பேர் ஏழு குடும்பங்கள். அந்தச் சிகிச்சை சேர்த்துவைக்கும் கூட்டத்துக்குக் கட்டணமும் இல்லை.

இனி, போனால் என்ன நடக்கும்? முதல் முறை போகிறவருக்குத் தவறணைக்குள் நுழைவதைவிட இந்த அறைக்குள் நுழைவதுதான் பயமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் பக்க அறை, ஒரு பாடசாலை வகுப்பு, ஒரு வாசிகசாலை. வட்டமாகக் கதிரைகள். பதிவுப் புத்தகம் கிடையாது. அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவர் தலைமை தாங்குவார், அவரும் குடித்தவர்தான். ஒரு சிறு பிரார்த்தனை, அமைப்பைப் பற்றிய சில வரிகள் வாசிப்பு. பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரை மட்டும் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்லி, சில நிமிடம் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார்; பேசி முடித்தபின் நீ செய்தது சரியில்லை என்று திருத்தவும் மாட்டார். பேச விருப்பமில்லாதவர் "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், ஒருவரும் வற்புறுத்துவதில்லை. கடைசியில் ஒரு தட்டு அல்லது பை கைமாறும். முடிந்தவர் அறை வாடகைக்கும் தேயிலைக்கும் சில்லறை போடுவார், முடியாதவர் போடத் தேவையில்லை. வெளியார் பணத்தை அவர்கள் வாங்குவதில்லை. அரசியல்வாதி வந்து மேடையேற இடமில்லை. இது எனக்கு மிகப் பிடித்த விதி.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. சில, குடித்தவர்களுக்கு மட்டும். சில, யாரும் வந்து கேட்கலாம். மனைவி, தம்பி, ஆசிரியர், டொக்டர் எவரும். தயங்குகிறவரை முதலில் இந்த இரண்டாம் வகைக்கு அழைத்துப் போவது நல்லது.

அங்கே பன்னிரண்டு படிகள் என்று ஒன்று உண்டு. 1939இல் வந்த அவர்களுடைய நூலில் எழுதப்பட்டவை. குடியின்முன் நான் வலுவிழந்தவன் என்று ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தன்னால் தீங்குக்கு ஆளானவர்களிடம் போய்ச் சீர்செய்வதையும் தாண்டிப் போகும். கடவுளைப் பற்றிய பேச்சும் அதில் வருகிறது. அதைக் கேட்டு, இது மதம் மாற்றுகிற வேலையோ என்று நம்மில் சிலர் சந்தேகப்படுவார்கள். கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றுதான் அந்தப் படிகளே சொல்கின்றன. முருகனைக் கும்பிடுகிறவர் முருகனை நினைத்துக்கொள்ளலாம். எதையும் கும்பிடாதவர் அந்தக் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

பெயர் சொல்லாமை பற்றி ஒரு விஷயத்தை நம்முடைய நிலைமைக்கு ஏற்ப யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க நகரத்தில் ஒருவர் குடிகாரர் என்பதை மறைக்கலாம். லயத்தில் எதை மறைப்பது? பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அவர் குடிப்பது பிரட்டுக்களத்திலிருந்து கோயில் வரை எல்லாருக்கும் தெரியும். நம்மிடத்தில் மறைக்கப்படுவது ஒன்றே ஒன்று: அவர் குடியை விட முயல்கிறார் என்பது. அது தெரிந்தால் கேலி செய்வார்கள், பந்தயம் கட்டுவார்கள், வேண்டுமென்றே ஊற்றிக் கொடுப்பார்கள். எனவே இங்கே இரகசியம் காப்பது என்றால், யார் வந்தார் என்பதோடு, என்ன பேசினார் என்பதும் அறைக்கு வெளியே போகக்கூடாது. ஒருவர் அழுததை மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் யாராவது சொல்லிவிட்டால், அந்த வட்டாரத்தில் அந்தக் கூட்டம் செத்துப்போகும்.

நம் நிலைமையில் மொழியும் யோசிக்க வேண்டிய ஒன்று. சிங்களம் நன்றாகப் பேசுகிற நம்மவர்கள் ஏராளம். கடையில் சாமான் வாங்க, பொலிசில் முறைப்பாடு எழுத, கண்டியில் வேலை செய்ய அது போதும். ஆனால் என் மகள் என்னைக் கண்டு கட்டிலுக்குக் கீழே ஒளிந்தாள் என்று சொல்ல வரும்போது, தாய்மொழியில்தான் தொண்டை அடைக்கும்.

தமிழில் இதை ஊர்ப்புறத்துக்கே கொண்டுபோக முடியும் என்று காட்டியவர் சென்னையில் ஒரு பெண்மணி. சாந்தி ரங்கநாதன். டி.டி.கே. குடும்பத்து மருமகள். கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல், முப்பதுகளிலேயே, இறந்துபோனார். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். அவர்களாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. கணவனைப் பறிகொடுத்த அந்த இளம்பெண் வீட்டுக்குள் அடைந்துகிடக்கவில்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் என்ற மையத்தில் பயிற்சி பெற்று வந்து, 1980இல் கணவர் பெயராலேயே சென்னையில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எனக்கு விருதைவிட முக்கியமாகப் படுவது மஞ்சக்குடி. 1989இல், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த அந்தக் கிராமத்துக்கே அவர்கள் முகாமைக் கொண்டுபோனார்கள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வர முடியாத விவசாயக் கூலிகள் ஊரிலேயே தங்கி மருந்து எடுத்து, குழுவாக உட்கார்ந்து பேசி, மனைவிமாரும் தனியே உட்கார்ந்து பேசி, முகாம் முடிந்தபிறகும் மாதாமாதம் தொடர்ந்து பார்க்கப்பட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் மண்டபம் வைத்திருக்கிற நமக்கு இது முடியாத காரியமா?

நம் நாட்டில் மதுவுக்கு எதிரான இயக்கம் புதிதல்ல. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவொழிப்பு இயக்கத்தில்தான் டி.எஸ். சேனநாயக்க போன்றோர் பொதுவாழ்வுக்கே வந்தார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கை வந்தபோது, மலையகத்தில் கூடிய நம் பாட்டன் பாட்டிகளிடம் குடியை விடும்படி கேட்டுக்கொண்டார். 2006இல் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபைச் சட்டம் வந்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கத் தடை, விளம்பரத்துக்குத் தடை. இவையெல்லாம் வேண்டியவை. கடையை மூடுவது, வரியைக் கூட்டுவது, மேடையில் கண்டிப்பது என்று ஒரு நூற்றாண்டாகச் செய்திருக்கிறோம். ஆனால் ஏற்கெனவே குடிக்கு அடிமையாகிவிட்ட மனிதன் நாளை மாலை எங்கே போய் உட்காருவான் என்று மட்டும் கேட்கவில்லை. கடையில் விலை ஏறினால் அவன் கசிப்புக்குப் போகிறான்.

சரி, எங்கே தேடுவது?

முதல் இடம், நான் சொன்ன உளமருத்துவக் கிளினிக்தான். அங்கே போகும்போது மருந்தோடு நிற்காமல், "குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் எங்கே இருக்கிறது, தமிழில் பேசக்கூடியவர் இருக்கிறாரா" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் கூட்டம் நிறைந்த கிளினிக்கில் சொல்ல அவர்களுக்கு நேரமிருக்காது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குக் கண்டியிலும் ஒரு நிலையம் உண்டு. அவர்களுடைய ஆலோசனை இலக்கம் 1927. 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு, மனமுடைந்தவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே இருப்பது. குடிக்கும் போதைக்கும் ஆளானவர்களுக்காகக் கொழும்பில் மெல் மெதுர என்ற நிலையத்தை நடத்துகிறது. கொழும்பில் ஏ.ஏ. கூட்டங்களும் நெடுங்காலமாக நடக்கின்றன. அங்கே வேலைக்குப் போய்த் தங்கியிருக்கிற நம் பிள்ளைகளுக்கு அது உடனே பயன்படும். நகைக்கடையிலும் ஹோட்டலிலும் வேலைசெய்து, மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருகிற அந்தப் பையன்கள்தான் இன்று அதிகமாகக் குடிக்கப் பழகுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இங்கேயே இருப்பவருக்குக் கொழும்பு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம். போக ஒரு நாள் சம்பளம், வர ஒரு நாள் அலுப்பு. அவருக்குக் கைத்தொலைபேசி உதவும். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது உலகெங்கும் இந்தக் கூட்டங்கள் இணையவழிக்கு மாறின. பல இன்றும் அப்படியே தொடர்கின்றன. தமிழ்நாட்டில் தமிழிலேயே பேசும் குழுக்கள் ஏராளம். அவர்களுடைய நூல்களும் தமிழில் கிடைக்கின்றன. படத்தை மறைத்துக்கொண்டு, பெயரைச் சுருக்கிக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். லயத்துக் காம்பராவில் இடமில்லாதவர் தேயிலை மலைக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆனாலும் சொல்கிறேன், திரையில் தெரியும் முகம் சந்தியில் நம்மோடு கூட நிற்காது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே, தமிழில் ஒரு கூட்டம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்காவிட்டால், திகனயிலேயே ஒன்றைத் தொடங்குங்கள் என்பதுதான் இன்று நான் கேட்க வந்தது. அக்ரனில் தொடங்கியவர்கள் இரண்டு பேர். டொக்டர் தேவையில்லை, நிறுவனம் தேவையில்லை, பதிவு தேவையில்லை. குடியை விட விரும்புகிற இருவர், ஒரு மணி நேரத்துக்கு ஒரு அறை. கோயில் மடமோ பள்ளிவாசலை அடுத்த கட்டடமோ தேவாலயத்து வகுப்பறையோ, எது கிடைத்தாலும் சரி; ஆனால் எல்லா மதத்தவரும் கூச்சமின்றி நுழையக்கூடிய இடம் நல்லது. இந்த ஊருக்கு அது முக்கியம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நீருக்குள் போனபோது இடம்பெயர்ந்து வந்தவர்கள், ரஜவெல பக்கத்துத் தோட்டத்து மக்கள், கடைவீதி முஸ்லிம் குடும்பங்கள் என்று கலந்து வாழும் ஊர் இது. 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தின்போது இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எரிந்த கடைகளைத் திரும்பக் கட்டிவிட்டோம். ஒருவர் வீட்டு வேதனையை மற்றவர் கேட்கிற அறைகள் நம்மிடம் இன்னும் குறைவு. குடி எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் உடைக்கிறது.

தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரும் அவர் கீழ் வேலைசெய்யும் தொழிலாளி ஒருவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வாரம் இருவருக்கும் கஷ்டமாக இருக்கும். "ஐயா" என்று எழுந்து நிற்கப் பார்ப்பார்கள். அறைக்குள் பதவி இல்லை என்று தலைமை தாங்குபவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை வசதி என்று வைத்துவிடாதீர்கள். குடிக்கிற நேரத்தில் வையுங்கள். பொழுது சாய்ந்து ஆறு மணிக்கு. கடைசி பஸ்சைப் பிடிக்க வசதியாக ஏழு மணிக்கு முடியுங்கள். வாரத்தில் எந்த நாள் வைத்தாலும், சம்பள நாளன்று மாலை ஒரு கூட்டம் கட்டாயம் இருக்கட்டும்.

வீட்டாருக்கும் ஒரு அறை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ், இப்படிப்பட்ட மனைவிமாருக்காக 1951இல் அல்-அனான் என்ற தனிக் கூட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கென்று 1957இல் அலடீன் வந்தது. நம் பெண்கள் கொழுந்து பறித்த காசில் அடுப்பு எரித்து, போத்தலைத் தேடி ஒளித்து, கணவர் வேலைக்கு வராததற்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி, கடன்காரருக்குப் பதில் சொல்லி ஓய்ந்துபோயிருக்கிறார்கள். அவர் திருந்தினால்தான் தங்களுக்கு விடிவு என்று காத்திருக்கிறார்கள். அவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அந்த அக்காமாருக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும், கணவருக்கு முன்னதாகவே அது கிடைக்க வேண்டும். அடிக்கிற வீட்டில் கூட்டத்துக்கு முன் பாதுகாப்பு. அந்த இடத்தில் பொறுமையை உபதேசிக்கக்கூடாது.

குடிக்கிற பெண்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1979 முதல் நம் நாட்டில் பெண்களுக்கு மது விற்க விதித்திருந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். தடை இருந்தும் குடித்த பெண்கள் இருந்தார்கள். குளிருக்கென்றும் பிள்ளைப் பேற்றுக்குப் பின் உடம்புக்கென்றும் தொடங்கி விட முடியாமற்போன பெண்கள் தோட்டங்களில் உண்டு. ஆணுக்குக் கிடைக்கிற இரக்கத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆண்கள் நிறைந்த வட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்தால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று தொடங்கட்டும்.

தொடங்கிய கூட்டத்துக்கு ஒருவரும் வராத வாரம் வரும். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருங்கள். அந்த மணி நேரம் திறந்து வைத்தவராவது குடிக்காமல் இருப்பார். யாருக்கு நாக்கு ஊறுகிறதோ அவர் போத்தலை எடுக்கும் முன் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம் கையில் இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் நாளே அதை எழுதிக் கொடுங்கள். குடியை விட்டுச் சில வருடமானவர் ஒருவர் புதியவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார்; குருசாமி கன்னிசாமியைக் கூட்டிப்போவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, வழக்கமாக வருகிற கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கே ஒருவர் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது? வருவார். நிச்சயம் வருவார். வெளியே தள்ளாதீர்கள், சண்டை பிடித்தால் மட்டும் இருவர் அவரை வெளியே கூட்டிப்போய்க் கூட நில்லுங்கள். மற்றபடி உட்காரச் சொல்லி, ஒரு பிளேன்டீ கொடுங்கள். "அண்ணே, இன்றைக்குக் கேளுங்க, அடுத்த கிழமை பேசலாம்" என்று சொல்லுங்கள். பஸ்சில் ஏற்றிவிடும்போது அடுத்த கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். காலையில் அவர் மனைவி அதை எடுத்துப் பார்ப்பார்.